தேய்ந்த விரல்

கோவில்பட்டி என்றதும் நம் நேயர்களுக்கு நினைவு வருவது கடலை மிட்டாயும் தீப்பெட்டியும்தான். மிட்டாய்க்கு 2020-ம் ஆண்டில் புவிசார் குறியீடு என்னும் பட்டமும் கிடைத்துவிட்டது. தீப்பெட்டிக்குப் பட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. அது இல்லாமல் எந்த வீட்டில் அடுப்பு எரியும், எந்தக் கோவிலில் தீபம் ஏறும்? சென்ற மாதம் அந்தப் பக்கம் போயிருந்தபோது, மிட்டாயைக் கடித்தும் குச்சியைக் கிழித்தும் பார்த்து, இரண்டும் பழைய பெருமை குன்றாமல் இருக்கின்றன என்று உறுதி செய்துகொண்டு திரும்பினோம். ஆனால் இந்த வாரம் நாம் எழுதப் புகுந்தது அவற்றைப் பற்றி அல்ல. ஒரு கிழவியின் வலது கைப் பெருவிரலைப் பற்றி.

ஊரின் பெயர் வேண்டாம். கோவில்பட்டியிலிருந்து சில மைல் தூரம். சுற்றிலும் கரிசல் காடு. உளுந்தும் பாசியும் எடுத்து முடிந்து, நிலம் வெடித்து, வாய் பிளந்து கிடந்தது. அந்த ஊர் ரேஷன் கடையில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். நண்பர் ஒருவர் வீட்டுச் சர்க்கரைக்காக நாமும் அவரோடு நின்றோம். நமக்கு முன்னால் நின்ற கிழவி நாற்பது வருஷம் 'தீப்பெட்டி ஆபீஸில்' வேலை பார்த்தவள். (தொழிற்சாலை என்று அந்தச் சீமையில் யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான்.) பெட்டி ஒட்டியும், குச்சி அடுக்கியும், வேலை இல்லாத நாளில் பருத்தி எடுத்தும் தேய்ந்த கை அவளுடையது.

அவள் முறை வந்தது. கடைக்காரர் ஒரு சிறு கருவியை நீட்டினார். கிழவி விரலை வைத்தாள். கருவி சிவப்பு விளக்குக் காட்டியது. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. கடைக்காரர் பொறுமைசாலி. "வேற விரல வைங்க பாட்டி" என்றார். ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை என்று ஒவ்வொன்றாக அந்தக் கருவியிடம் சாட்சிக்கு வந்தன. ஒரு சாட்சியும் எடுபடவில்லை. கடைசியில் கிழவி சொன்னாள்:

"கோவிச்சுக்கிடாதய்யா, எம் விரலு சரியில்ல. தேஞ்சு போச்சு."

மன்னிப்புக் கேட்டவள் கிழவி. ஐம்பது வருஷமாக அந்த ஊரிலேயே குடியிருப்பவள். வரிசையில் நின்ற முப்பது பேரும் அவளைப் பெயர் சொல்லி, முறை சொல்லி அழைக்கக்கூடியவர்கள். கடைக்காரருக்கும் அவளை நன்றாகத் தெரியும். இத்தனை பேர் சாட்சி இருக்க, 'இவள் இவள்தானா?' என்று ஒரு கருவி கேட்டது. அதற்கு விடை சொல்ல முடியாமல் அவள் வெட்கப்பட்டாள். வரிசையில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷத்தில் நாமும் ஆச்சரியப்படவில்லை. 'சீக்கிரம் முடியாதா, வெயில் ஏறுகிறதே' என்றுதான் நினைத்தோம்.

அவளுக்குச் சர்க்கரையும் அரிசியும் கிடைத்தன என்பதை உடனே சொல்லிவிடுகிறோம். விரல் எடுபடாதவர்களுக்கு வேறு வழிகளும் சர்க்கார் வைத்திருக்கிறது. கருவிழியைப் பார்த்து ஆளை அறியும் கருவிகூடச் சில கடைகளுக்கு வந்திருக்கிறது. தமிழ் நாட்டைப் போல் எல்லாக் குடும்பங்களுக்கும் ரேஷன் கார்டு கொடுத்து, 2011-ம் ஆண்டு முதல் அரிசியை இலவசமாகவே போடும் ராஜ்யத்தைக் குறை சொல்ல நமக்கு நா எழாது. ஆகையால் இது பட்டினிக் கதை அல்ல. அந்த மன்னிப்பைப் பற்றிய கதை. வண்டியில் திரும்பி வரும்போதுதான் அது நம் மனத்தில் முள்ளாகத் தைக்க ஆரம்பித்தது.

ஏனென்றால், விரலைப் பதி என்று சர்க்கார் சொன்னதற்காக இந்தத் தென் சீமையில் மனிதர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள்.

குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ஒன்றைப் பற்றி நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். வட இந்தியாவுக்கென்று 1871-ம் ஆண்டில் பிறந்த சட்டம் அது. 1911-ம் ஆண்டில் திருத்தி அமைத்தபோது சென்னை மாகாணத்தின் மீதும் கை வைத்தது. சில சாதிகளைச் சர்க்கார் தன் கெஜட்டில் குறிக்கும். குறித்துவிட்டால், அந்தச் சாதியில் பிறந்தவன் திருடியிருக்க வேண்டும் என்பதில்லை, பிறந்திருந்தால் போதும். பெயர் பதிவேட்டில் ஏறும். கைரேகை எடுக்கப்படும். இரவில் போலீஸ் ஸ்டேஷனுக்கோ ஊர்ச் சாவடிக்கோ வந்து கணக்குக் கொடுக்க வேண்டும். பக்கத்து ஊரில் மகளைக் கட்டிக் கொடுத்திருந்தால், அவள் பிள்ளைப் பேற்றுக்குப் போய்வர 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். மதுரை ஜில்லாவில் பிரமலைக் கள்ளரும், திருநெல்வேலி, இராமநாதபுரம் ஜில்லாக்களில் மறவரில் பல பிரிவினரும், ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த குறவரும் இதற்குள் அகப்பட்டார்கள். ஜனங்கள் அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்.' வக்கீல்களுக்கு அதில் எத்தனையோ ஷரத்துக்கள் தெரிந்தன. ஜனங்களுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தது: சுடலைச் சாமியைக் கும்பிட எழும் அந்தக் கையைப் போலீஸ்காரன் பிடித்து மையில் அழுத்துகிறான்.

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் என்று ஓர் ஊர். ரேகை கொடுக்க மாட்டோம் என்று அந்த ஊரார் மறுத்தார்கள். 1920-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ம் தேதி போலீஸார் சுட்டார்கள். 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்மணியும் ஒருத்தி. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து அப்போது ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. அமிர்தசரஸைத் தேசம் முழுவதும் அறியும். பெருங்காமநல்லூரை மதுரைக்கு வடக்கே எத்தனை பேர் அறிவார்கள் என்பதை நேயர்களே தங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அந்த மக்களுக்காக வாதாட முன்வந்த சிலரில் மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் ஒருவர். கேரள தேசத்தில் பிறந்த அவரைக் கள்ளர் நாட்டு மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தார்கள். பின்னாளில் முத்துராமலிங்கத் தேவரும் மற்றத் தலைவர்களும் சட்டத்தை எதிர்த்துப் பெரிய கிளர்ச்சி செய்தார்கள். ஆனால் ரேகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத வீடுகள் - வில் வண்டியும் வெற்றிலைச் செல்லமும் உள்ள வீடுகள், நம்முடைய தாத்தாமார்களின் வீடுகள் - அங்கே என்ன பேச்சு நடந்திருக்கும்? 'நமக்கென்ன, அது களவு செய்கிறவர்களுக்குப் போட்ட சட்டம். நல்லதுதான், இனிமேல் தொழுவில் மாடு பத்திரமாக இருக்கும்' என்றுதான் நடந்திருக்கும். ஊகம் என்று சொல்லாதீர்கள். இன்றைக்கு ஒரு புதுச் சட்டம் வந்தால் நம் வீட்டு ஊஞ்சலில் என்ன பேச்சு நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்; தாத்தாவின் குரல் அப்படியே கேட்கும்.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டத்தை 1947-ம் ஆண்டில் ரத்து செய்தார்கள். தேசம் முழுவதும் ரத்தானது 1952-ல். நல்ல காரியம். ஆனால் ஒரு சிறு விஷயத்தையும் கூடவே சொல்ல வேண்டும்: 1948-ம் ஆண்டிலேயே சென்னையில் 'வழக்கமாகக் குற்றம் செய்வோர்' சட்டம் என்று ஒன்று வந்துவிட்டது. சாதி போய் ஆள் வந்தான், பதிவேடு போகவில்லை.

இங்கே கதையைச் சற்று முன்னுக்குத் தள்ளிக் கடல் கடந்து போக வேண்டியிருக்கிறது. சத்தியாக்கிரகம் எதில் பிறந்தது என்று கேட்டால், உப்பில் என்பார் சிலர். சம்பாரணில் அவுரித் தோட்டத்தில் என்பார் சிலர். இரண்டும் அல்ல. அது பிறந்தது கைரேகையில்.

1906-ம் ஆண்டு ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் சர்க்கார் ஒரு மசோதாவை வெளியிட்டது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் இந்தியரும் பெயரைப் பதிய வேண்டும். கைரேகை கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். போலீஸ்காரன் கேட்ட இடத்தில் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும். காந்திஜி அப்போது ஜோஹானஸ்பர்க்கில் வக்கீல். கைரேகையைப் பற்றி ஒரு போலீஸ் அதிகாரி எழுதிய புத்தகத்தை வாங்கிப் படித்தார். சட்டப்படி கைரேகை எடுப்பது குற்றவாளிகளிடம் மட்டும்தான் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார். அந்த அதிகாரி வேறு யாருமல்லர். வங்காளத்தில் போலீஸ் தலைவராக இருந்த ஹென்றி. உலகத்திலேயே முதலாவது கைரேகைக் காரியாலயம் 1897-ம் ஆண்டில் கல்கத்தாவில் ஏற்பட்டது அவர் காலத்தில்தான். அந்த முறைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்து மூளையாக இருந்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகள். பெயர் மட்டும் ஹென்றிக்குப் போயிற்று. ஆக, இந்த விஷயத்தில் நம் தேசமே உலகத்துக்குப் பரிசோதனைச் சாலை.

அந்த ஆண்டு செப்டம்பர் 11-ம் தேதி எம்பயர் தியேட்டர் என்ற நாடகக் கொட்டகையில் இந்தியர்கள் கூடினார்கள். சட்டத்துக்குப் பணிவதில்லை என்று கடவுள் சாட்சியாகப் பிரதிக்ஞை செய்தார்கள். பிறகு நடந்தது நம் விஷயத்துக்கு மிக முக்கியம். 1908-ம் ஆண்டு ஜனவரியில் ஜெனரல் ஸ்மட்ஸ் ஒரு சமாதானம் சொன்னார்: 'நீங்களாகவே விரும்பிப் பதிந்துகொள்ளுங்கள், கட்டாயச் சட்டத்தை எடுத்துவிடுகிறோம்.' காந்திஜி ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 10-ம் தேதி, தாமே முதல் ஆளாக ரேகை கொடுக்கப் புறப்பட்டுப் போனார். 'அன்று கூடாது என்றவர் இன்று கொடுக்கப் போகிறாரே' என்று கொதித்துப்போன மீர் ஆலம் என்ற பட்டாணியரும் கூட்டாளிகளும் வழியிலேயே அவரை அடித்து வீழ்த்தினார்கள். கூடப் போன தம்பி நாயுடு என்ற மொரிஷியஸ் தமிழருக்கும் அடி விழுந்தது. ரத்தம் ஒழுகக் கிடந்த நிலையிலும் காந்திஜி பதிவு அதிகாரியை வரவழைத்து ரேகை கொடுத்தார்.

அதே விரல், அதே மை. கட்டாயப்படுத்தினால் கொடுக்க மாட்டேன். நானாக மனமுவந்தால் கொடுப்பேன். இந்த வித்தியாசத்தைப் பட்டாணியருக்கு விளக்குவது எவ்வளவு கஷ்டமோ, அவ்வளவு கஷ்டம் நம்மவர்களுக்கு விளக்குவதும். விரலில் ஒன்றுமில்லை. 'கொடுக்கிறாயா?' என்று கேட்பதற்கும் 'கொடு' என்று சொல்வதற்கும் நடுவில்தான் மனிதனுடைய மரியாதை முழுவதும் இருக்கிறது.

ஜனங்கள் விரும்பிப் பதிந்தார்கள். சட்டம் ரத்தாகவில்லை. ஸ்மட்ஸ் வாக்குத் தவறினார் என்றார் காந்திஜி. அப்படி ஒரு வாக்கே கொடுக்கவில்லை என்றார் ஸ்மட்ஸ். ஆகஸ்டு 16-ம் தேதி ஹமீதியா மசூதித் திடலில் ஒரு பெரிய கொப்பரையை வைத்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுக்களை அதில் போட்டுக் கொளுத்தினார்கள்.

'விருப்பமிருந்தால்' என்ற சொல்லை நாம் இரண்டாம் முறை கேட்டது நூறு வருஷம் கழித்து. 2009-ம் ஆண்டில் ஆதார் ஆணையம் ஏற்பட்டது; 2010 செப்டம்பரில் முதல் எண் வழங்கப்பட்டது. பத்து விரல், இரண்டு கருவிழி, ஒரு முகம். யாரும் கட்டாயமில்லை, விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அடையாளம் ஏதும் இல்லாத ஏழைக்கு ஓர் அடையாளம் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். அது பொய்யல்ல. சாதிச் சான்றும் பள்ளிச் சான்றும் இல்லாத எத்தனையோ பேர் அதைக் கொண்டு பாங்கில் கணக்குத் திறந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டு, வரிசையில் நிற்க வைத்து எடுத்தார்கள். நாமும் குடும்பத்தோடு போய், தலை வாரி, சிரித்த முகத்தோடு உட்கார்ந்தோம். சிரித்தது படத்தில் வரவில்லை. அது வேறு விஷயம்.

பிறகு காஸ் மானியத்துக்கு எண் கேட்டார்கள். எண் இல்லை என்பதற்காக ஒருவருக்கும் எதையும் மறுக்கக் கூடாது என்று 2013 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது. உத்தரவு ஏட்டில் இருந்தது. கேட்பது நடந்துகொண்டே இருந்தது. 2016-ல் சட்டம் வந்தது. 2017-ல் வருமான வரிக்கு வேண்டும் என்றார்கள். பாங்குக்கு வேண்டும், டெலிபோனுக்கு வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல காரணம் இருந்தது. போலி ரேஷன் கார்டை ஒழிக்க, கறுப்புப் பணத்தைப் பிடிக்க, பயங்கரவாதியைக் கண்டுபிடிக்க. நல்ல காரணம் இல்லாமல் எந்த ராஜாங்கம் நம் வாசலுக்கு வந்திருக்கிறது?

கரிசல் காட்டில் இப்போது எங்கே பார்த்தாலும் சீமைக் கருவேலம். விறகுக்கு ஆகும், வேலிக்கு ஆகும் என்று வந்த மரம். விறகுக்கு ஆயிற்று, வேலிக்கும் ஆயிற்று. யாரும் ஏமாற்றவில்லை. ஒரு நாள் பார்த்தால் வேலி மட்டும் இருக்கிறது, புஞ்சையைக் காணோம்.

இதைப் பார்த்து வழக்குத் தொடுத்தவர் கர்நாடக ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி. 2012-ம் ஆண்டில் வழக்குப் போட்டபோது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அந்த வயதில் சாய்வு நாற்காலியில் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அவருடைய வழக்கில்தான், 2017 ஆகஸ்டு 24-ம் தேதி, ஒன்பது நீதிபதிகள் ஒரே மனதாக ஒரு பிரஜையின் அந்தரங்கம் அவனுடைய அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அரசியல் சாசனம் வந்து அறுபத்தேழு வருஷம் கழித்து இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மறு வருஷம் செப்டம்பர் 26-ம் தேதி ஐந்து நீதிபதிகள் ஆதார் சட்டத்தைப் பற்றித் தீர்ப்பளித்தார்கள். பாங்கும் டெலிபோன் கம்பெனியும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் சர்க்கார் மானியத்துக்கும் வருமான வரிக்கும் கேட்கலாம் என்றனர் நால்வர். சட்டமே செல்லாது என்றார் நீதிபதி சந்திரசூட் ஒருவர்.

நேயர்களுக்கு ஒரு சிறு கேள்வி. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் டெலிபோன் 'சிம்' வாங்கினீர்கள் அல்லவா? கடைக்காரர் என்ன கேட்டார்? நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?

தமிழ் நாட்டு ரேஷன் கடைகளில் விரல் வைக்கும் முறை 2020 அக்டோபரில் வந்தது. கோவில்பட்டிக் கிழவியின் விரல் அதற்கு முன்பே தேய்ந்துவிட்டது. கைரேகை ஒரு மனிதனை விட்டுப் பிரியாத முத்திரை என்று ஹென்றி எழுதினார். அவர் தீப்பெட்டி ஆபீஸைப் பார்த்தவரல்லர். உழைக்காத விரல்தான் அழியாத விரல். நம் விரலைக் கருவி ஒரே தடவையில் ஒப்புக்கொண்டது. அதில் பெருமைப்படுவதற்கு ஒன்றுமில்லை.

குற்றப் பரம்பரைச் சட்டமும் ரேஷன் கடைக் கருவியும் ஒன்றுதான் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பெருங்காமநல்லூரில் மாண்டவர்களுக்குத் துரோகம் செய்தவர்கள் ஆவோம். அது அவமானப்படுத்தப் போட்ட சட்டம். இது அரிசி போட வந்த கருவி. ஆனால் 1911-ல் ஒரு சில சாதியாரிடம் மட்டும் கேட்டதை இன்று எல்லோரிடமும் கேட்கிறார்கள். அன்று அதற்காகத் துப்பாக்கிக்கு எதிரே நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும், அன்று ஊஞ்சலில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வரிசை வெகு அமைதியாக இருக்கிறது.

கைதிகளை அடையாளம் காணும் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதுவும் பெருங்காமநல்லூர் நடந்த அதே 1920-ம் ஆண்டில் பிறந்தது. 2022-ல் அதை எடுத்துவிட்டுப் புதிய சட்டம் போட்டார்கள். பழைய சட்டத்தில் விரலும் பாதமும் போட்டோவும். புதிய சட்டத்தில் கருவிழி, கையெழுத்து, உடற்கூறு மாதிரிகள்கூட உண்டு. எடுத்த பதிவை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். இந்தச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிய வாரத்தில் நம் வீட்டில் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தோம். நினைவு வரவில்லை. அனேகமாகக் கிரிக்கெட்டாக இருக்கும்.

விரலை விட்டுவிட்டுக் காலைப் பார்ப்போம்; அதாவது, நாலு பேர் நடந்து போய் ஓரிடத்தில் கூடும் உரிமையை.

கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறு. அங்கேதான் 1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ம் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து ஊமைத்துரையின் போரும் அடங்கிய பிறகு, 1801 டிசம்பர் 1-ம் தேதி கம்பெனியார் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள்: தென் பாளையங்களில் இனி ஒருவரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. இப்போது பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் சர்க்கார் எழுப்பிய நினைவுக் கோட்டை நிற்கிறது. மே மாதத்தில் வீரசக்கதேவி கோவில் திருவிழா நடக்கும். விழாவுக்கு முன்னால் தூத்துக்குடி ஜில்லா கலெக்டரின் உத்தரவு வருவது வழக்கம்: ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது, வாள், கம்பு கொண்டுவரக் கூடாது, வெளியூர் வண்டிகள் இன்னின்ன விதமாக வரக் கூடாது. '144 போட்டாச்சு' என்பார்கள். 'மேகம் போட்டிருக்கு' என்பது போலவே சொல்வார்கள்.

144 என்பது 1898-ம் ஆண்டு வெள்ளைக்காரன் செய்த குற்ற விசாரணைச் சட்டத்தின் ஷரத்து எண். 1973-ல் நாமே புதுச் சட்டம் செய்தோம், எண்ணைக்கூட மாற்றவில்லை. 2024 ஜூலை முதல் அதுவும் போய் வேறு சட்டம் வந்துவிட்டது. இப்போது எண் 163. ஜனங்கள் இன்னும் 144 என்றே சொல்கிறார்கள். எண் மாறியது தெரியாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை. உள்ளே ஒன்றும் மாறவில்லை அல்லவா? மாஜிஸ்டிரேட் போடும் உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அவசரத்துக்கு என்று ஏற்பட்டது. வருஷா வருஷம் காலண்டர் பார்த்து வரும் அவசரத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் ஒரு தாயார் நமக்குச் சொன்னதையும் எழுத வேண்டும். "144 போட்டா எம் பிள்ளைக உசுரோட வீடு வந்து சேரும். நீங்க பட்டணத்துல இருந்து எழுதுவீக" என்றாள். அவள் பயம் பொய்யல்ல. 1990-களில் இந்தச் சீமையில் சாதிக் கலவரம் எத்தனை வீடுகளில் விளக்கை அணைத்தது என்பது அவளுக்குத் தெரியும். அதே காலத்தில், 1995 ஆகஸ்டு 31-ம் தேதி, கொடியங்குளத்தில் புகுந்து வீடுகளைச் சூறையாடியவர்கள் போலீஸார்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டு பயத்தில் எது பெரிது என்று அவள்தான் சொல்ல வேண்டும், நாம் சொல்வதற்கில்லை. நம்முடைய கவலை, அவளுக்கு இந்த இரண்டைத் தவிர மூன்றாவது ஒன்று கிடைக்காமல் போயிற்றே என்பதுதான்.

2018 மே மாதம் 22-ம் தேதி தூத்துக்குடியில் தாமிர ஆலையை எதிர்த்து ஜனங்கள் கலெக்டர் காரியாலயத்துக்கு ஊர்வலம் போனார்கள். முந்தின இரவுதான் சில பகுதிகளுக்கு 144 பிறப்பித்திருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். மறு நாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று ஜில்லாக்களிலும் இண்டர்நெட்டை நிறுத்தினார்கள். அதற்கு ஆதாரமான மூலச் சட்டம் எது தெரியுமா? 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டம்! தந்திச் சேவையே 2013-ல் போய்விட்டது. சட்டம் மட்டும் இருந்து வேலை செய்தது. 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, காஷ்மீர் வழக்கு ஒன்றில், இண்டர்நெட்டைக் காலவரையின்றி நிறுத்தக் கூடாது, 144-ஐத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது, போட்ட உத்தரவை ஜனங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று சொல்லிற்று. வெளியிட வேண்டும் என்பதையே ஒரு கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் கோவில்பட்டியில் 1920-களில் ஒரு வக்கீல் இருந்தார். செக்கிழுத்துச் சிறையிலிருந்து வந்தவர்; பறிபோன சன்னதை வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் திரும்பப் பெற்றவர்; அந்த நன்றியில் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தவர். வ.உ. சிதம்பரம் பிள்ளையவர்கள்தான். 1908-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவரிடம் கலெக்டர் விஞ்ச் முதலில் கேட்டது, ராஜத்துவேஷத்துக்குத் தண்டனை அல்ல. 'இனிமேல் ஒழுங்காக இருப்பேன்' என்று நன்னடத்தை ஜாமீன். கொடுக்க மாட்டேன் என்றார். மார்ச் 12-ம் தேதி உள்ளே தள்ளினார்கள். மறு நாள் திருநெல்வேலியில் கடைகள் மூடின, ஜனங்கள் பொங்கினார்கள், சுட்டதில் நால்வர் மாண்டார்கள். இப்போது அதே நன்னடத்தை ஜாமீன் ஊர் ஊராகத் தினந்தோறும் எழுதி வாங்கப்படுகிறது. திருவிழாவுக்கு முன் வாங்குகிறார்கள்; தேர்தலுக்கு முன் வாங்குகிறார்கள். ஒரு கடையும் மூடுவதில்லை. பத்திரிகையில் ஒரு வரி வருவதுமில்லை. நம் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இவ்வளவையும் மனத்தில் வரிசைப்படுத்திக்கொண்டு, கோபமும் கொஞ்சம் கர்வமுமாக, அன்று மாலை கோவில்பட்டிக்குத் திரும்பினோம். ராத்திரி தங்க ஒரு லாட்ஜுக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். அவன் வாயைத் திறக்கு முன்பே நம் கை சட்டைப் பைக்குள் போய், ஆதார் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டது.

"ஒரு ஜெராக்ஸ் வேணும் சார். எதிர்த்த கடையில எடுத்துட்டு வந்துடுங்க" என்றான்.

எதிரே இருந்த கடைக்குப் போனோம். கடைக்காரர் கார்டைக் கண்ணாடியின்மேல் வைத்து, மூடியைக் கவிழ்த்தார்.

"ரெண்டா போடட்டுமா சார்? எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

சரி என்று தலையை ஆட்டினோம்.